சந்தனக் கலர் பேண்ட்

எங்கள் வீட்டு விலாசத்தை விழுப்புரத்தில் யாருக்கும் முழுதாகச் சொல்லத் தேவையிருந்ததில்லை. 'ஸ்டேடியத்துக்குப் பின்னாடி, மிஷின்காரம்மா வூடு' என்றால் போதும், ஆட்டோக்காரரும் தபால்காரரும் நேராக வாசலுக்கே வந்து நிற்பார்கள். மிஷின்காரம்மா என்பது என் அம்மா. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். வீடு முதலில் வந்தது, ஸ்டேடியம் அப்புறம்தான் வந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானதும், மாவட்டம் என்றால் கலெக்டர் கொடியேற்ற ஒரு மைதானமாவது வேண்டாமா என்று, எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் வேலிக்காத்தான் முள்ளாகக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து மதில் எழுப்பிவிட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நீளம் தாண்டுகிற மணல் குழி. இந்தப் பக்கம் எங்கள் துணி துவைக்கிற கல்.

திண்டிவனத்து அத்தை எப்போது வந்தாலும், "நீங்க குடுத்து வச்சவங்க. வூட்ல ஒக்காந்துக்கினே எல்லா ஆட்டமும் பாக்கலாம்" என்பாள். அம்மா அத்தையைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் காட்டுவாள். பந்து விழுந்து உடைந்த இடத்திலெல்லாம் தாரைக் காய்ச்சி ஊற்றிச் சாக்குத் துணி ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் எந்தப் பாத்திரத்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

பந்து மட்டுமா? விடிவதற்கு முன்பே நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எங்கள் வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போவார்கள். குடியரசு தினத்துக்கு முன்னால் அணிவகுப்பு ஒத்திகை தொடங்கிவிட்டால், முற்றத்தில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலை செம்மண் பூசிக்கொள்ளும். நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் 'ஹலோ மைக் டெஸ்டிங்'. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை விசில். ஓட்டப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டரின் விசிலும் எங்கள் குக்கரின் விசிலும் ஒரே சுருதி. அம்மா மிஷினை மிதித்தபடியே விசிலை எண்ணி, அடுப்பை அணைக்கச் சொல்லி எனக்குக் குரல் கொடுப்பாள். பருப்பு வேகாமல் குழம்பு இறங்கினால், அன்றைக்கு மாஸ்டர் பிள்ளைகளைக் கூடுதலாக விரட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் அம்மா ஸ்டேடியத்தை ஒரு நாளும் சபித்ததில்லை. அதைத் தன் வீட்டில் குடியிருக்கும் ஒரு குடித்தனக்காரனைப் போலத்தான் நடத்தினாள். கண்டிப்பாள், காலி செய்யச் சொல்லமாட்டாள். பந்து உள்ளே வந்தால், அடித்த பையனே வந்து, தன் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லி வாங்கிப்போக வேண்டும். தாடி முளைத்த பையன்கள்கூட அம்மாவின் முன்னால் கைகட்டி நின்று தங்கள் தாயாரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பெண்களாக இருந்தது. போலீஸ் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள், ஸ்டேடியத்தில் ஓட்டம், தாண்டுதல் எல்லாம் வைத்துத் தேர்வு என்று அப்பா முந்தின நாளே சொல்லியிருந்தார். செஞ்சியிலிருந்தும் விக்கிரவாண்டியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். துணைக்கு வந்த அப்பாக்களையும் அண்ணன்களையும் போலீஸார் உள்ளே விடவில்லை. அவர்கள் எங்கள் தெருவின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். அவசரம் என்றால் ஆண்களுக்கு ஸ்டேடியத்து மதில் இருந்தது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை.

வாசல் தெளிக்க வந்த அம்மா அதை உடனே கண்டுகொண்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, தோட்டத்துப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். சற்று நேரத்தில் எங்கள் கக்கூஸுக்கு முன்னால் சினிமா டிக்கெட் வாங்குவது போல வரிசை நின்றது. கைப்பம்பை அடித்துத் தொட்டியை நிரப்புவது என் வேலை.

எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, வூட்ட சத்திரமாக்கிட்ட?" என்றாள்.

"ஓடப் போற பொண்ணுங்கக்கா. வயித்தப் புடிச்சிக்கினு ஓடுமா?" என்றாள் அம்மா.

வரிசையின் கடைசியில் ஒருத்தி புடவை கட்டிக்கொண்டு நின்றாள். மற்றவர்களெல்லாம் சுடிதாரிலும், அண்ணன் தம்பிகளின் பேண்ட்டிலும் வந்திருக்க, இவள் மட்டும் விருந்துக்குப் போகிறவளைப் போலப் பூ வைத்துப் புடவை கட்டியிருந்தாள். தோளில் ஒரு கைக்குழந்தை. கையில் ஒரு துணிப்பை.

"எந்த ஊரும்மா?" என்று அம்மா கேட்டாள்.

"வல்லங்க. செஞ்சி பக்கம்."

"கொழந்த?"

"எங்க அண்ணன் கொழந்தைங்கக்கா. அண்ணிக்கு ஒடம்பு முடியல. வுட்டுட்டு வர ஆளில்ல, அதான் தூக்கிக்கினு வந்துட்டேன்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். "சரி. ஒங்க அண்ணன் கொழந்தைய எம் பொண்ணுகிட்ட குடுத்துட்டுப் போயிட்டு வா" என்றாள்.

குழந்தை என் மடிக்கு வந்தது. கழுத்து நின்றிருந்ததே தவிர, தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தம்பி தங்கை யாரும் இல்லை. அதனால் அவ்வளவு சின்ன விரல்களை அதற்கு முன் நான் கையில் பிடித்ததில்லை. நான் அதன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. துணி கிழிகிற சத்தம். தையல்காரி வீட்டில் அந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா ஆச்சி?" என்று அம்மா கதவைத் தட்டினாள்.

வல்லத்து அக்கா புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் தன் தம்பியின் பள்ளிக்கூடத்துப் பேண்ட். பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. அவள் முகம் அழுகைக்குத் தயாராகிவிட்டது.

"போன வருஷம் போட்டுப் பாத்தப்ப சரியா இருந்ததுங்கக்கா."

"போன வருஷம் நீ வேற ஆளு" என்றாள் அம்மா. பேண்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையல் விட்டிருந்தால் அம்மா நொடியில் போட்டுவிடுவாள். ஆனால் துணியே நைந்துபோயிருந்தது. "இதுல நூலு நிக்காது."

"நான் பொடவையிலயே ஓடிடறேங்க."

"ஓடுவ. ரெண்டு எட்டு வச்சதும் விழுவ."

மதிலுக்கு அந்தப் பக்கம் மைக் கரகரத்தது. நம்பர்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் கலைந்து ஓடினார்கள். வல்லத்து அக்கா மட்டும் ஒரு கையில் கிழிந்த பேண்ட்டும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட தன் அழைப்புக் கடிதமுமாக எங்கள் முன்னறையில் நின்றாள்.

அந்த அறையின் ஆணியில் அப்பாவின் புதுப் பேண்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திண்டிவனத்து அத்தை சொந்த வீடு கட்டியிருந்தாள். அன்று மாலை அந்த ஊர் மாதா கோவில் பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப்போகிறார். தங்கை வீட்டு விசேஷத்துக்கு ரயில்வே காக்கியில் போய் நிற்க முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பேண்ட் தைக்க வராது என்பது அவருடைய கட்சி. பஜாரில் பெரிய டெய்லரிடம் கொடுத்து, சந்தனக் கலரில், முன்னால் மடிப்பு வைத்துத் தைத்து வாங்கியிருந்தார். இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் இருக்க இரண்டு நாளாக அதன் பக்கம் யாரையும் அண்ட விடவில்லை.

அம்மா அந்தப் பேண்ட்டைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, வேணாங்கக்கா" என்றாள் வல்லத்து அக்கா.

"நீ அளவுக்கு நில்லு" என்றாள் அம்மா.

கணுக்காலுக்குக் கீழே துணி சரிந்து தரையில் விழுந்தது. இடுப்புப் பட்டியைப் பிரித்து, தன் பழைய பாவாடை ஒன்றின் நாடாவை உருவி அதில் கோத்தாள். மிஷின் ஓடிய வேகத்தில் மேசை மேலிருந்த நூற்கண்டுகள் குதித்தன. பெரிய டெய்லர் ஒரு வாரம் எடுத்துக்கொண்ட பேண்ட், குழந்தை ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வேறொன்றாகிவிட்டது. "ஜல்தி, ஜல்தி" என்று அம்மா அவளை உள்ளறைக்குத் தள்ளினாள். கதவைச் சாத்துவதற்கு முன், என் மடியிலிருந்த குழந்தையையும் எடுத்து அவளிடம் கொடுத்தாள். "இத கொஞ்சம் சமாதானப்படுத்திட்டுப் போ."

அழாத குழந்தையை எதற்குச் சமாதானப்படுத்த வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கதவு திறந்தபோது குழந்தை தூங்கியிருந்தது. வல்லத்து அக்கா தொளதொளத்த பனியன் சட்டையும் அப்பாவின் பேண்ட்டுமாக நின்றாள். என் பக்கத்தில் குனிந்து, "பாத்துக்கிறியா கண்ணு?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். வாசற்படி வரை போனவள் திரும்பி வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணன் குழந்தை மேல் இவ்வளவு பாசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திண்டிவனத்து அத்தை என் கன்னத்தைக் கிள்ளுவதோடு சரி.

வெயில் ஏறிய பிறகு அப்பா இரவு வேலை முடிந்து வந்தார். குளித்து, சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்குப் போனார். ஆணி காலியாக இருந்தது.

"எம் பேண்ட்டு எங்க?"

"ஓடிக்கினு இருக்குது" என்றாள் அம்மா.

"இன்னாது?"

"ஒங்க பேண்ட்டு. ஸ்டேடியத்துல ஓடிக்கினு இருக்குது." அம்மா மிஷினிலிருந்து எழுந்திருக்காமலே நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவள் எதற்கும் மன்னிப்புக் கேட்கிற வழக்கமில்லை. "வூடு மந்திரிக்கப் போற எடத்துக்கு வேட்டிதான் லட்சணம். கொடியில காயுது" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

அப்பா கீழே கிடந்த சந்தனக் கலர் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. ரயில் பாதையில் வேலை பார்த்துப் பழகியவர், எது வந்தாலும் ஒதுங்கி நின்று போகவிட்டுவிடுவார். துண்டுகளை மேசை மேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். கூரைக்குத் தார் ஊற்றுகிற ஏணியை எடுத்து மதிலில் சாய்த்து ஏறினார்.

அம்மா பதறிப்போய்ப் பின்னால் வந்தாள். "பொம்பளைங்க ஓடுற எடத்துல ஆம்பள எட்டிப் பாக்கறதா? வெக்கமா இல்ல?"

"நான் எம் பேண்ட்டத்தான் பாக்கறேன்" என்றார் அப்பா.

நானும் ஏணியில் அவர் காலடியில் ஏறிக்கொண்டேன். உள்ளே நூற்றுக்கணக்கான பெண்கள். யார் யாரென்று தெரியவில்லை. ஆனால் சந்தனக் கலர் ஒன்றுதான் இருந்தது. ஐந்தாறு பேராக வட்டத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். அவள் முறை வந்ததும் அப்பா ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்காக அவர் அன்று சொன்ன வர்ணனையை நான் பிற்காலத்தில் எந்த ரேடியோவிலும் கேட்டதில்லை.

"பேண்ட்டு கெளம்பிடுச்சி... பேண்ட்டு பின்னால போயிட்டுது... பரவால்ல, ஒருத்திய தாண்டுது... மூச்சு வாங்குது, நிக்கப் போவுது... நிக்கல, நிக்கல... வந்துடுச்சி!"

"பாஸா?" என்றாள் அம்மா.

"கையக் காட்டி இந்தப் பக்கம் அனுப்பறாங்க. பாஸுதான்." அப்பாவின் முகத்தில், தன்னுடைய பேண்ட் என்பதால் தனக்கும் அதில் பங்கு உண்டு என்பது போன்ற ஒரு பெருமை வந்திருந்தது.

கையைக் காட்டி அனுப்பிய இந்தப் பக்கம் என்பது எங்கள் மதில் ஓரத்து மணல் குழி. குழிக்குக் குறுக்கே ஒரு கயிறு போட்டிருந்தார்கள். கயிற்றைத் தாண்டி விழுந்தால் பாஸ். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. கையில் விசிலும் தோளில் வெள்ளைத் துண்டுமாக உயரமான ஒரு பெண் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பக்கத்தில் குறித்துக்கொள்ள இரண்டு ஆண் போலீஸார். இப்போது அம்மாவாலும் பொறுக்க முடியவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றாள். அவள் தலையும் குழந்தையின் தலையும் மதிலுக்கு மேலே தெரிந்தன. எங்கள் குடும்பமே மதில்மேல் வரிசையாக இருந்தது.

வல்லத்து அக்கா ஓடிவந்து முதல் தாண்டு தாண்டினாள். கோட்டை மிதித்துவிட்டாள். விசில். இரண்டாவது முறை ஒழுங்காகத்தான் தாண்டினாள், ஆனால் குதிகால் கயிற்றின் மேலேயே விழுந்தது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். இன்னும் ஒரு வாய்ப்புதான். அவள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி ஓடி வருகிற இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டது. இரண்டு முறை வாயைச் சப்பிப் பார்த்தது. அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துத் தேடியது. பிறகு மைக் சத்தத்தையும் மீறி வீறிட்டு அழத் தொடங்கியது.

வல்லத்து அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பக்கவாட்டில் திரும்பினாளே தவிர, மதிலைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியும் அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்து, ஈரம் பெரிதாகிக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது. முதுகுப் பக்கம் அவ்வளவு நனையவில்லை.

"அம்மா, அந்த அக்கா மேல யாரோ தண்ணி ஊத்திட்டாங்க!" என்று நான் கத்தினேன்.

அம்மாவின் கை என் வாயை வந்து மூடியது. அடித்தாளா, மூடினாளா என்று சொல்ல முடியாத வேகம். அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று முணுமுணுத்துவிட்டு, என்னைத் தாண்டி ஏணியிலிருந்து இறங்கிப் போய்விட்டார். மூன்றாவது தாண்டைப் பார்க்காமல் ஒரு மனிதர் போவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார். "யாரோட கொழந்த அது?" என்று அதட்டலாகக் கேட்டார்.

வல்லத்து அக்கா வாயைத் திறக்கப் போனாள். அதற்கு முன் அம்மாவின் குரல் கேட்டது. பந்து பொறுக்க வருகிற பையன்களை நிறுத்தி வைக்கிற அதே குரல்.

"எங் கொழந்ததாங்க மேடம்! இப்ப உள்ள தூக்கிக்கினு போயிடறேன்."

நான் அம்மாவையே பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரும் அம்மாவும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மெதுவாக வல்லத்து அக்காவிடம் நடந்து போனார். தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றி முன்பக்கமாகத் தொங்கவிட்டார். "வேர்வ எப்படி ஊத்துது பாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "தொடச்சிக்கினு, மூச்சு வாங்கிட்டு அப்பால தாண்டு. அவசரமில்ல." சொல்லிவிட்டு, அவளுக்கும் அந்த ஆண் போலீஸாருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். எனக்கும் மறைத்தது. பெரிய உருவம் அவருடையது.

அம்மா குழந்தையோடு கல்லிலிருந்து இறங்கிவிட்டாள். மூன்றாவது தாண்டைப் பார்த்தது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். துண்டை உருவித் தரையில் போட்டுவிட்டு அவள் ஓடி வந்த ஓட்டம் இன்றும் கண்ணில் நிற்கிறது. தாண்டுவதற்காக ஓடி வந்தவள் போல இல்லை. மணலுக்கு அப்பால் இருந்த எங்கள் மதிலுக்கே ஓடி வந்தவள் போல இருந்தது. கயிறு எங்கே கிடந்தது என்று அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. அதைத் தாண்டி, மணலில் முழங்கால் குத்தி விழுந்து, எழுந்தாள்.

"பாஸ்!" என்று நான் ஏணியிலிருந்து கத்தினேன். வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல், "பேண்ட்டு கிழியலையே?" என்று கேட்டது.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. அழுகை நின்றது. அம்மா சோறு போட்டு வைத்தாள். மீன்குழம்பு ஊற்றி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவளை எழுந்திருக்க விடாமல் சாப்பிடவைத்தாள். சாப்பிடும்போதுதான் அவள் பேசினாள். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பஸ்ஸில் எவளோ சொன்னாளாம். அது மெய்யோ பொய்யோ, அவள் பயந்துவிட்டாளாம்.

"மாமியார்கிட்ட கொழந்தைக்கு ஊசி போட விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேங்கக்கா. அதான் பொடவ."

"ஊசி போட்டா காச்சல் வரணுமே. கேக்க மாட்டாங்களா?"

"அத நான் யோசிக்கலியே."

"இது காச்சல் வராத ஊசி, புதுசா வந்திருக்குதுன்னு சொல்லு" என்றாள் அம்மா. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். அண்ணன் குழந்தைக்கும் இவள் மாமியாருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பேண்ட்டை மடித்துக் கொடுத்தபோது அம்மா வாங்கவில்லை. "அது இனிமே அவருக்கு எட்டாது" என்றாள். வல்லத்து அக்கா மறுபடியும் புடவை கட்டி, பூவைச் சரி செய்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற மருமகளாகப் பஸ் ஏறினாள்.

அன்று மாலை திண்டிவனத்தில் அப்பா வேட்டியில் போய் இறங்கினார். "இன்னாண்ணே, புதுப் பேண்ட்டு தச்சிருக்கேன்னு சொன்ன?" என்று அத்தை கேட்டாள்.

"போலீசு புடிச்சிக்கினு போயிடுச்சி" என்றார் அப்பா.

அவளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அப்பா திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவளைக் காக்கியில் பார்த்தார். இவர் போய், ஸ்டேடியத்துக்குப் பின்னாடி வூடு என்று சொன்னதும், பஸ்களைக் கைகாட்டி நிறுத்திவிட்டு ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாளாம். முதலில் குதித்த மாமியார்தான் இப்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாராம். "எம் பொண்ணு இப்ப நல்லா ஓடறா சார்" என்றாளாம். அந்தக் குழந்தை அவள் பெற்ற குழந்தைதான் என்பது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று அவள் சட்டையை நனைத்தது தாய்ப்பால் என்பது புரிய அதற்குப் பிறகும் சில வருஷங்கள் ஆயின.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு இருந்த கவலையே வேறு. அந்த மாதக் கடைசியில் எனக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்கு முன் சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பொய் சொல்வது பாவம் என்றும், பாவத்தை மறைப்பது அதைவிடப் பெரிய பாவம் என்றும் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஒரே நாளில் எனக்குத் தெரிந்தே மூன்று பொய்கள் நடந்திருந்தன. ஊசி போடப் போனதாகச் சொன்ன பொய். அந்தக் குழந்தை தன்னுடையது என்று அம்மா சொன்ன பொய். நனைந்தது வேர்வை என்று இன்ஸ்பெக்டர் மேடம் சொன்ன பொய். அண்ணன் குழந்தை என்று முதன்முதலில் வல்லத்து அக்கா சொன்னது மட்டும் எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை.

கோவிலில் முழங்காலில் நின்று, மரத் தடுப்பின் வலைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் பங்குச் சாமியாரிடம் என் பாவங்களைச் சொன்னேன். சர்க்கரை திருடியது, எதிர்வீட்டு அத்தைக்குப் பழிப்புக் காட்டியது. பிறகு, "சாமி, எங்கம்மாவோட பாவம் ஒண்ணு இருக்குது, அதையும் நானே சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

அடுத்தவர் பாவத்தைச் சொல்லக் கூடாது என்று அவர் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அவருக்கும் கேட்க ஆசையாக இருந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேண்ட்டை வெட்டியது, அண்ணன் குழந்தை அழுதது, அக்காவின் சட்டை நனைந்தது, நான்தான் ஒரே பிள்ளை என்று ஊருக்கே தெரிந்திருந்தும் அம்மா போலீஸிடமே துணிந்து பொய் சொன்னது. வலைக்கு அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

"அந்தப் பொண்ணு தாண்டிட்டாளா?" என்று சாமியார் கேட்டார்.

"தாண்டிட்டாங்க சாமி. பாஸு."

"நல்லதும்மா" என்றார். என் பாவங்களுக்குப் பரிகாரமாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். அம்மாவின் பாவத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சாமியாருக்கு வயதாகிவிட்டது, முக்கியமான இடம் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். பீடத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டு எனக்கான செபத்தைச் சொன்னேன். அம்மா நரகத்துக்குப் போய்விடாமல் இருக்க, என் கணக்கில் அவளுக்காக இன்னொன்று சொன்னேன். எழுந்திருக்கும்போது ஞாபகம் வந்து, போலீஸில் அவ்வளவு பெரிய வேலையில் இருந்தும் தண்ணீருக்கும் வேர்வைக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மேடத்துக்காகவும் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்.